சர்க்கரை இறங்கியதைப் பேனாக்கள் எழுதின

மூளை அலைகளைப் பதிவு செய்ய நான் வேலை பார்த்த இ.இ.ஜி. அறையில் இப்போது இருக்கும் டெக்னீஷியன் நிவேதா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். காபி ஆறிக்கொண்டிருக்க, செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற சின்னக் கருவி. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால், மூளை அலைகளை வைத்தே அது கண்டுபிடித்து எச்சரிக்கை செய்யும்படி வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"மூளை அலையில சர்க்கரை தெரியுமா மேடம்? நம்ம மெஷின்ல பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். மையில ஓடுன காலத்துல."

அதை எழுதிக் கொடுத்தால் தன்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்பேன் என்றாள். எழுத உட்கார்ந்தபோது, அலையைவிட ஆட்கள்தான் அதிகமாக நினைவுக்கு வந்தார்கள். அதனால் இது பாடம்போல இருக்காது.

எனக்குப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து உழுதவர். நிலத்துக்காரரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டும், அறுப்புக்கு வரும் ஆட்களிடமும் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும் என்று நடுவில் நின்று காலம் தள்ளியவர். கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்கே கற்றுக்கொண்டது பாதிதான். மற்றதையெல்லாம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்த மெஷினும் டாக்டர் அருளப்பனும் கற்றுக் கொடுத்தார்கள்.

மெஷின் என்றால் இப்போதைய கம்ப்யூட்டரை நினைக்கக் கூடாது. இரும்பு மேஜை அளவு இருக்கும். வரிசையாக எட்டு மெல்லிய பேனாக்கள். ஒவ்வொன்றுக்கும் முடிபோன்ற குழாய் வழியாக மை வரும். கீழே பேப்பர் ஓடும். நோயாளியின் தலையில் டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி குத்தி, பசை தடவி, பொட்டு அளவு வெள்ளித் தட்டுகளை ஒட்ட வேண்டும். மூளையில் ஓடும் துளி மின்சாரம் அந்தத் தட்டுகள் வழியாக வந்து பேனாக்களை ஆட்டும். விழித்திருக்கும் மனிதர் கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்தால், தலையின் பின்பக்கத்திலிருந்து நெருக்கமாக, ஒரே சீராக அலை வரும். நாற்று நட்ட வயலைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். எனக்கு அந்த அலையைப் பார்ப்பதில் கடைசி நாள் வரைக்கும் அலுப்புத் தட்டவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஜனங்களிடம் எனக்கிருந்த பெரிய போராட்டம் எண்ணெய். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று தலை நிறைய எண்ணெய் வைத்து, வழித்துச் சீவி, பெண்கள் என்றால் பூவும் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். எண்ணெய் இருந்தால் தட்டு ஒட்டாது. வராந்தாவில் ஒரு வாளித் தண்ணீரும் சீயக்காய்ப் பொடியும் வைத்திருந்தேன். "நர்சம்மா தலை குளிப்பாட்டி விடுறாங்க" என்று வெளியில் பெயர் பரவிவிட்டது. நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து, பிறகு நிறுத்திவிட்டேன். கோடைப் பருவத்தில் இன்னொரு சங்கடம். சுற்று வட்டாரத்தில் பம்புசெட் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் கரண்ட் தடுமாறும். பேனாக்கள் நடுங்கும். நோயாளிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கூட வந்தவர்கள் அழ ஆரம்பிப்பார்கள்.

டாக்டர் அருளப்பன் நரம்பியல் டாக்டர். நெடிய ஆள், மெதுவான குரல். நின்றுகொண்டு நோயாளியிடம் பேச மாட்டார். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, படுத்திருக்கும் ஆளின் முகத்துக்கு நேரே தன் முகம் வருகிற மாதிரி உட்காருவார். பண்ணையாரானாலும் நடவுக்குப் போகிற பெண்ணானாலும் "சொல்லுங்க"தான். கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. மேடையில் எல்லோரும் சமம் என்று பேசினாலும், ஆஸ்பத்திரி வரிசையில் "ஏய், தள்ளி நில்லு" என்ற பேச்சு போகவில்லை. டாக்டர் அறைக்குள் மட்டும் அந்தப் பேச்சு நுழையாது. யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"கடைசியா எப்ப சாப்ட்டீங்க? என்ன சாப்ட்டீங்க?"

வலிப்புக்கு வந்தவரிடம் சாப்பாட்டைக் கேட்கிறாரே என்று ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக வரும். பசித்த மூளையும் தூக்கம் கெட்ட மூளையும் வேறுவிதமாக எழுதும் என்பதை அவர்தான் விளக்கினார். பிறகு அவர் கேட்கும் முன்பே நான் கேட்டு, பேப்பரின் ஓரத்தில் குறித்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

செல்லக்கண்ணு எங்கள் அறைக்கு வந்தது ஒரு குறுவை அறுப்புக் காலத்தில். கையில் விலங்கு. கூட ஒரு ஏட்டு. பின்னால், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மனைவி பாக்கியம்.

நடந்ததை ஏட்டும் பாக்கியமும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவர்கள் ஊர் பாபநாசத்துக்கும் திருவாரூருக்கும் இடையில் உள்ளடங்கிய கிராமம். அந்த வருஷம் கூலித் தகராறு. அறுப்புக்குக் கூடுதல் நெல் கேட்டு ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து வயலில் இறக்கப் பார்த்தது. செல்லக்கண்ணு விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அந்தத் தெருவுக்குப் பொறுப்பாளர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றுவிட்டார். பண்ணையின் காரியஸ்தர் வைத்தியலிங்கம் இந்தப் பக்கம். வெயில் ஏற ஏறப் பேச்சு நடந்தது. கடைசியில் பேச்சு முடிந்தும்விட்டது. பண்ணை கொஞ்சம் ஏறிவர, இவர்கள் கொஞ்சம் இறங்கிவர, மறுநாளே அறுப்பில் இறங்குவதாக ஒப்புக்கொண்டார்கள்.

"எல்லாம் முடிஞ்சு கலையுற நேரம் சார்," என்றார் ஏட்டு. "இந்த ஆளு திடீர்னு அரிவாளை எடுத்துக் காரியஸ்தரை வெட்டிட்டான். முன்கையில ஆழமான வெட்டு. அப்புறம் தள்ளாடிக்கிட்டு நின்னான், வாய் குழறிச்சு, கீழ விழுந்தான். சாராயம் குடிச்சிருக்கான்னு எழுதியிருக்கு. விழுந்தவன் கைகால் இழுத்துக்கிட்டதால, வலிப்பு இருக்கான்னு பாக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு."

"சாராயத்தை அது தொட்டதில்ல சார்," என்றாள் பாக்கியம். "ஊரே இப்ப எங்களத் தூத்துது. பேசி முடிச்ச கூலியும் போச்சு. 'குடிச்சுட்டுப் போயி எங்க வயித்துல மண்ணப் போட்டுட்டியே'ன்னு எங்க சனமே கேக்குது. பண்ணையில காசு வாங்கிக்கிட்டு வேணும்னே கலாட்டா பண்ணிருச்சுன்னும் பேசுறாங்க."

செல்லக்கண்ணு அவ்வளவு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முக்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"எனக்குத் தெரியல சார். வரப்புல நின்னு பேசுனது தெரியும். முழிச்சப்போ ஆஸ்பத்திரியில பாட்டில் ஏறிக்கிட்டிருந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, கேட்டுக்கிறேன். வைத்தியலிங்கம் அண்ணன் மேல எனக்கு என்ன கோவம்? அவரும் சம்பளத்துக்கு நிக்கிறவருதான்."

செல்லக்கண்ணுவின் அப்பா அந்தக் காரியஸ்தரை "ஆண்டே" என்று கூப்பிட்டவர் என்பதும், அந்தத் தெருவில் முதன்முதலில் "அண்ணே" என்று கூப்பிட்டது செல்லக்கண்ணுதான் என்பதும் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த அண்ணன் கையில்தான் வெட்டு.

விலங்கைக் கழற்றச் சொன்னார் டாக்டர். ஏட்டு தயங்கினார். "இரும்பு இருந்தா மெஷின் ஒழுங்கா எழுதாதுங்க," என்றார் டாக்டர். அது முழு உண்மை இல்லை. ஆனால் ஏட்டு கழற்றிவிட்டார். நான் அளந்து தட்டுகளை ஒட்டி, பேப்பரை ஓடவிட்டேன். அலை அழகாக வந்தது. ஒரு குறையும் இல்லை. வலிப்பின் அடையாளமும் இல்லை. அப்படியே எழுதி அனுப்பினால், மூளை நன்றாக இருக்கிறது, இவர் செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது என்று ஆகிவிடும்.

ஓரத்தில் நான் குறித்திருந்ததை டாக்டர் பார்த்தார். வார்டில் காலைச் சாப்பாடு முடித்துவிட்டு வந்தது. பிறகு பாக்கியத்தைக் கூப்பிட்டார்.

"அன்னிக்குக் காலையில இவரு என்ன சாப்ட்டாரு?"

"ஒண்ணும் சாப்டல சார். ஊசியப் போட்டுக்கிட்டாரு. நான் கஞ்சிய ஆத்திக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள வெளியூர் ஆளுங்க வயலுக்கு வந்துட்டாங்கன்னு சத்தம் கேட்டுச்சு. துண்ட எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு."

"என்ன ஊசி?"

"சக்கரை ஊசி சார். பாபநாசத்து ஆஸ்பத்திரியில குடுக்குறாங்க. மண்பானையில ஈர மணல் போட்டு, அதுல பொதச்சு வச்சிருக்கோம்."

டாக்டர் பேப்பர் ஓரத்தில் இன்சுலின் என்று எழுதிக்கொண்டார். ஏட்டிடம் திரும்பி, அன்று செல்லக்கண்ணுவைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று கேட்டார். மயக்கமாக வருகிற எல்லோருக்கும் ஏற்றுவதுபோல உடனே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். பிறகுதான் சிறுநீரைச் சோதித்திருக்கிறார்கள். அதற்குள் சர்க்கரை கூடித்தானே காட்டும்? சர்க்கரை அதிகம் என்று எழுதிவிட்டார்கள். அதில் யார் மேலும் குற்றமில்லை. அந்த பாட்டில்தான் செல்லக்கண்ணுவின் உயிரைக் காப்பாற்றியது. அவருக்கிருந்த ஒரே சாட்சியத்தை அழித்ததும் அதே பாட்டில்தான்.

"வசந்தா, சக்கரை கூடினா ஆளு சோர்ந்து படுப்பாரு," என்று என்னிடம் சொன்னார் டாக்டர். "சட்டுன்னு இறங்கினாத்தான் இப்படி ஆகும். மூளைக்குத் தீனி சக்கரை மட்டும்தான். அது இல்லேன்னா குடிச்ச ஆளு மாதிரி உளறும், கோவப்படும், இழுத்துக்கும். ஆனா இதை நான் வாயால சொன்னா கோர்ட்டு நம்பாது."

அவர் யோசித்த வழி எனக்குப் பயமாக இருந்தது. வழக்கமான இன்சுலினைப் போட்டு, சாப்பாடு கொடுக்காமல், தலையில் தட்டுகளோடு படுக்கவைத்து மெஷினை ஓடவிடுவது. இடையிடையே ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவது. அப்போதெல்லாம் விரலில் குத்தி உடனே அளவு பார்க்கும் கருவி எங்களிடம் கிடையாது. ரத்தத்தை அனுப்பினால் பதில் வர நேரமாகும். அந்த நேரத்தில் ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைச் சொல்ல மெஷினைத் தவிர எதுவும் இல்லை. பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கினார். பிறகு செல்லக்கண்ணுவிடமும் பாக்கியத்திடமும் உட்கார்ந்து பேசினார்.

"இதுல ஆபத்து இருக்கு. மறைக்க மாட்டேன். குளுக்கோஸ் மருந்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் உட்காருவேன். ஆனாலும் வேண்டாம்னா விட்டுடலாம்."

பாக்கியம் வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தாள். செல்லக்கண்ணு அவளைப் பார்க்காமலே பதில் சொன்னார். "செயிலுக்குப் போறதப் பத்தி இல்ல சார். அன்னிக்கு அந்த அரிவாள ஓங்குனது யாருன்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் காலையில் ஆரம்பித்தோம். ஃபேனை நிறுத்தினால்தான் மெஷின் சுத்தமாக எழுதும். நிறுத்தினால் புழுக்கம். ஜன்னலைத் திறந்துவைத்தேன். டாக்டர் முக்காலியில், பக்கத்து மேஜையில் குளுக்கோஸ் நிரப்பிய பெரிய கண்ணாடி சிரிஞ்சு. பாக்கியம் சுவரோரமாக நின்றாள். ஏட்டு கதவை மறித்து நின்றார்.

சும்மா படுக்கவைத்தால் தூங்கிவிடுவார். சர்க்கரை இறங்கினால் அலை மெதுவாகும்; தூங்கினாலும் மெதுவாகிவிடும். அதனால் டாக்டர் ஒரு வழி செய்தார். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வரை பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு அமைதியாக இருக்க வேண்டும். அப்போது வரும் அலையை நான் பார்க்க வேண்டும்.

"மாரியம்மன் கோயில், பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோயில், தாராசுரம், கும்பகோணம்." கண்டக்டரைப்போல ராகம் போட்டுச் சொன்னார் செல்லக்கண்ணு. ஏட்டுகூடச் சிரித்தார். கண்ணை மூடினார். அலை நெருக்கமாக, சீராக வந்தது.

இப்படியே வெகுநேரம் போனது. ரத்தம் எடுத்தோம், அனுப்பினோம். மறுபடியும் ஊர்கள், மறுபடியும் அமைதி. எனக்குக் கழுத்து வலித்தது. இன்று ஒன்றும் நடக்காது என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் பேனாக்களின் சத்தம் மாறியது. அந்த மெஷினோடு பழகியவர்களுக்குத் தெரியும். சீரான அலை வரும்போது பேனாக்கள் ஒரே மாதிரி கிசுகிசுக்கும். இப்போது அந்தக் கிசுகிசுப்பில் இடைவெளி விழுந்தது. குனிந்து பார்த்தேன். நெருக்கமாக இருந்த அலைகள் தளர்ந்து அகலமாகியிருந்தன. செல்லக்கண்ணு அப்போதுதான் எல்லா ஊரையும் சரியாகச் சொல்லி முடித்துக் கண்ணை மூடியிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சார்," என்றேன்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "வேர்வையா பாருங்க."

வேர்வை வழிந்தாலும் கோடு மெதுவாக மேலும் கீழும் மிதக்கும். ஏமாந்துவிடக் கூடாது. நெற்றியைத் துடைத்தேன், தட்டுகளை அழுத்திச் சரிபார்த்தேன். வேர்த்துத்தான் இருந்தது. ஆனால் துடைத்த பிறகும் அலை மாறவில்லை. தலையின் இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் வந்தது.

"வேர்வை இல்ல சார். மூளைதான்."

"செல்லக்கண்ணு, உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு சார்."

நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னபோதே பேனாக்கள் வேறு கதை எழுதிக்கொண்டிருந்தன. அந்த ஒரு நிமிஷத்தை நான் மறக்கவே இல்லை. ஒரு மனிதருக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தது. பெருமையாக இல்லை. அவரைத் தொட்டு எழுப்ப வேண்டும்போல இருந்தது.

"ஊரெல்லாம் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"மாரியம்மன் கோயில்… அய்யம்பேட்டை… அய்யம்பேட்டை…" நிறுத்தினார். "அய்யம்பேட்டை." நாக்கு தடித்ததுபோல இருந்தது. பேனாக்கள் இப்போது வரப்பு வரப்பாக மேலேறி இறங்கின. டாக்டரின் கை சிரிஞ்சை எடுத்துவிட்டது. செல்லக்கண்ணு கண்ணைத் திறந்து அவரை முறைத்தார்.

"யார்றா நீ? யாரு உன்னை வயல்ல எறங்கச் சொன்னது?"

எழுந்திருக்கப் பார்த்தார். வலது கை இடுப்பில் எதையோ தேடியது. ஏட்டு ஓடிவந்து தோளைப் பிடித்தார். "சார், அன்னிக்கும் இதே மாதிரிதான் உளறுனானாம்! குடிச்சவன் மாதிரியே இருக்கானே!"

"காலையிலேர்ந்து உங்க கண்ணு முன்னாடிதான இருக்காரு," என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. நரம்பில் ஊசியை ஏற்றி, மருந்தைச் செலுத்திக்கொண்டே இருந்தார்.

பாக்கியம் சுவரோரத்திலிருந்து வந்து கட்டிலின் காலடியில் நின்றிருந்தாள். "இந்தக் கண்ணுதான் சார். வீட்டுலயும் சில நாள் காலையில இதே கண்ணுதான். என் மேலதான் கோவம்னு நெனச்சு நான் பேசாம இருந்துடுவேன். கஞ்சி குடிச்சா சரியாயிரும்."

நான் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேடுகள் முதலில் கொஞ்சம் தணிந்தன. பிறகு குட்டையாயின. அவற்றுக்கு நடுவே பழைய நெருக்கமான அலை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டியது. சிரிஞ்சு காலியாகும்போது பேனாக்கள் மறுபடியும் ஒரே மாதிரி கிசுகிசுக்கத் தொடங்கியிருந்தன.

செல்லக்கண்ணு விழித்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஏட்டின் கை தன் தோளில் இருப்பதைப் பார்த்தார்.

"என்ன சார், இன்னும் ஆரம்பிக்கலியா?"

பாக்கியம் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சுருச்சுய்யா," என்றாள். ஏட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் கையில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ இருந்தது.

லேபிலிருந்து வந்த அளவுகளை டாக்டர் பேப்பரில் அந்தந்த இடத்தில் எழுதினார். சர்க்கரை இறங்கிய இடமும் அலை தளர்ந்த இடமும் ஒன்றாக இருந்தன.

இந்தச் செய்தி காரியஸ்தர் வைத்தியலிங்கம் காதுக்கு எப்படிப் போனதோ. காயத்துக்குக் கட்டு மாற்ற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நேரே எங்கள் அறைக்கு வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அறுபதை நெருங்கும் வயது.

"அவனை விடுவிக்க ஏதோ பேப்பர் ஓட்டுறீங்களாமே டாக்டர்?"

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். வழக்கம்போலக் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். காலையில் இரண்டு இட்லி என்றார் காரியஸ்தர். கோபம் கொஞ்சம் தணிந்தது.

"வெட்டுப்பட்டது எனக்குப் பெருசு இல்லைங்க. ரெண்டு விரல் மடங்காதுன்னு சொல்லிட்டாங்க, போகட்டும். அவன் 'சரிண்ணே, நாளைக்கு எறங்கிடுறோம்'னு சொன்னான். நான் பண்ணையாருகிட்ட ஒத்தைக்கு நின்னு வாங்கிட்டு வந்த சம்மதம் அது. அந்தச் சொல்லு சொன்ன வாயி மூடுறதுக்குள்ள கைய ஓங்குனானே, அதைத்தான் தாங்க முடியல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பேப்பரை மேஜைமேல் விரித்தேன். மடிப்பு மடிப்பாக நீண்டது. இது அவர் நன்றாக இருக்கும்போது, இது மாறத் தொடங்கியபோது, இங்கே பஸ் நிற்கும் ஊரெல்லாம் சரியாகச் சொன்னார், இங்கே அய்யம்பேட்டையைத் தாண்ட முடியவில்லை என்று டாக்டர் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். காரியஸ்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அலை அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் அய்யம்பேட்டை என்றதும் நிமிர்ந்தார்.

"அன்னிக்கும் ஒரே வார்த்தையத் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. 'நாளைக்கு எறங்குறோம், நாளைக்கு எறங்குறோம்'னு. கிண்டல் பண்றான்னு நெனச்சேன். அப்புறம் என்னைப் பாத்து 'மாமா'ன்னான். என்னை ஏன் அவன் மாமான்னு கூப்பிடணும்? போலீசுல இதெல்லாம் கேக்கல, நானும் சொல்லல."

"கோர்ட்டுல கேட்டா சொல்லுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கோர்ட்டுக்கு டாக்டரும் நானும் பேப்பர் கட்டோடு போனோம். டாக்டர் விளக்கினார், நான் மெஷினைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அரசு வக்கீல் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்தது வரப்பிலும் நடந்திருக்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் காரியஸ்தரிடம் இருந்தது. பண்ணை ஆட்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் கூண்டில் ஏறினார். ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னதையும், மாமா என்றதையும், வாயில் சாராய வாடை இல்லை என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஓங்குனது அவன்தாங்க. ஆனா அப்ப நான் யாருன்னு அவனுக்குத் தெரியல. இது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

செல்லக்கண்ணு விடுதலையானார். கோர்ட்டு வாசலில் அவர் காரியஸ்தர் முன்னால் போய் நின்றார். "நான் சொன்ன சொல்லு அப்படியே இருக்குண்ணே," என்றார் செல்லக்கண்ணு. காரியஸ்தர் தலையை ஆட்டினார். அந்தக் குறுவை அறுப்பு பிந்திப்போய், கதிர் சாய்ந்து, கொஞ்சம் நெல் வயலிலேயே உதிர்ந்துபோயிருந்தது. அடுத்து வந்த தாளடி நெல்லைப் பேசிய கூலிக்கே அறுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

டாக்டர் இன்சுலின் அளவை மாற்றிப் பிரித்துக் கொடுத்தார். சாப்பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி என்று கண்டிப்பாகச் சொன்னார். செல்லக்கண்ணு வருஷக்கணக்கில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனார். சர்க்கரை இறங்குவது அவருக்குத் தெரியாது என்பது மட்டும் கடைசிவரை மாறவில்லை. நடுக்கம், படபடப்பு என்று மற்றவர்களுக்கு வரும் அறிகுறி எதுவும் அவருக்கு வராது. அதற்குப் பாக்கியம் தானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். தினமும் விடிந்ததும் அவரைப் பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லச் சொல்வாள். ஒரு ஊர் தவறினாலும் வாயில் வெல்லக்கட்டி. காதுக்குப் பின்னால் வைக்கும் கருவி வந்தால் நல்லதுதான். அதற்காக ராப்பகலாக உழைப்பவர்களை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. அவர்களுக்குப் பாக்கியத்தைத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

என் வேலைக் காலத்தில் எத்தனையோ தலைகளில் தட்டு ஒட்டியிருக்கிறேன். எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தால் மனது நிறைவாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒரு காரணம், அடுத்த வருஷம் குறுவைச் சமயத்தில் மருந்து வாங்க வந்த பாக்கியம் என் அறையில் உட்கார்ந்து சொன்ன விஷயம்.

அந்த வருஷமும் கூலிப் பேச்சு. பண்ணையாரே நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், பண்ணை ஆட்கள் ஒரு பக்கம். பேச்சு தடித்து, எல்லோரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, காரியஸ்தர் வைத்தியலிங்கம் மடங்காத விரல்களோடு கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லியிருக்கிறார். பண்ணையார் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"மணியாகுது. செல்லக்கண்ணு சாப்ட்டுட்டு வரட்டும். அப்புறம் சண்டை போடலாம்."

அத்தனை பேரும் மறுபடி உட்கார்ந்தார்களாம். செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்து, நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத் திரும்பிப் போகும்வரை ஒருவரும் கூலியைப் பற்றி வாய் திறக்கவில்லையாம்.

"அப்புறம்? சண்டை போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன?" என்றாள் பாக்கியம், மருந்துப் பையை இடுப்பில் செருகிக்கொண்டே. "அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு பேசுன மாதிரி அதுக்கு முன்னாடி பேசுனதே இல்ல நர்சம்மா. வயிறு நெறஞ்சிருந்துச்சுல்ல."